அஞ்சு செடி காம்போ vs ஈசிஆர் நர்சரி: எட்டு மாசம் வளத்து பாத்துட்டு எழுதுறேன்

அப்பா போனப்புறம் அம்மாவ கும்பகோணம் பக்கத்துலேர்ந்து மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டேன். அங்க வாசல்ல நந்தியாவட்டை, கொல்லைல பவழமல்லி, கிணத்தடில கனகாம்பரம்னு இருந்தவங்க, இங்க மூணாவது மாடில டிவி முன்னாடியே உக்காந்திருந்தாங்க, சாயந்திரம் ஆனா பேச்சே இருக்காது. என் பொண்ணுக்கு வேற வீசிங் இருக்கு. சரி ரெண்டுக்கும் ஆகும்னு ஆன்லைன்ல "காத்த சுத்தம் பண்ற செடி காம்போ"ன்னு ஒண்ணு ஆர்டர் போட்டேன், அஞ்சு செடி 1,299 ரூபா.

ஆறு நாள் கழிச்சு பொட்டி வந்துச்சு. பீஸ் லில்லி சுருண்டு கெடந்துச்சு, ஸ்னேக் பிளான்ட்ட லேசா இழுத்தேன், ஒரு இலை அப்படியே கையோட வந்துருச்சு, அடில கொழகொழன்னு அழுகி ஒரு நாத்தம். போட்டோ எடுத்து அனுப்பினேன், "செடிக்கு ரிட்டர்ன் இல்ல"ன்னு ஒரே வரி பதில். மணி பிளான்ட்டும் ஸ்பைடர் பிளான்ட்டும் மட்டும் பொழச்சுது.

கூட ஒரு கார்டு வெச்சிருந்தாங்க, நாசாவே சொல்லிருக்கு இந்த செடிங்க வீட்டு காத்துல இருக்குற விஷத்த எடுத்துடும்னு. பொண்ணு விஷயமாச்சேன்னு தேடி படிச்சேன். நாசா ஆராய்ச்சி நெசம்தான், 1989ல வொல்வர்ட்டன்னு ஒருத்தர் பண்ணது. ஆனா அது சின்ன சின்ன அடைச்ச பெட்டிக்குள்ள செடிய வெச்சு பாத்தது, நம்ம வீட்டுல ஜன்னல் கதவு வழியா காத்து மாறிட்டே இருக்கும்ல. 2019ல அமெரிக்கால ட்ரெக்ஸெல் யுனிவர்சிட்டில ரெண்டு பேர் இந்த மாதிரி பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் சேத்து கணக்கு போட்டாங்க, ஜன்னல் வழியா தானா நடக்குறத செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10லேர்ந்து 1,000 செடி வரைக்கும் வேணுமாம். அஞ்சு செடி வாங்கி வெச்சா வீசிங் சரியாகும்னு நம்பி யாரும் இன்ஹேலர நிறுத்திடாதீங்க, கெஞ்சி கேக்குறேன். ரூமுக்குள்ள தண்ணிய ஊத்தி ஊத்தி மண்ணுல பூஞ்சை பிடிச்சா அந்த குழந்தைங்களுக்கு இன்னும் கஷ்டம்.

இப்ப நர்சரிக்கு வரேன். ஈசிஆர்ல அக்கரை பக்கம், போர்டு கூட கிடையாது, பச்சை நெட் கட்டின ஷெட்டு. அம்மாவையும் கூட்டிட்டு போனேன். அங்க இருந்த அக்கா நாங்க கேக்காமயே ஒரு கவர பிரிச்சு செடிய தலகீழா கவுத்து காட்டினாங்க, "வேர பாரு மா, வெள்ளையா கீது பாரு, இதான் நல்ல செடி, கறுப்பா இருந்தா வாங்காத." அப்புறம் இலைய திருப்பி அடிப்பக்கம் மாவுப்பூச்சி இருக்கான்னு பாக்க சொல்லிக்கொடுத்தாங்க. "பால்கனில வெயில் எவ்ளோ நேரம் வரும்"னு அவங்க கேட்டப்புறம் தான் செடியே எடுத்தாங்க, கிழக்க பாத்த பால்கனின்னதும் குண்டுமல்லி, ஒரு செம்பருத்தி, துளசி. ஹாலுக்கு ஸ்னேக் பிளான்ட். செம்மண்ணு, மண்புழு உரம், தொட்டி எல்லாம் சேத்து 900 ரூபா கூட ஆகல.

அன்னிக்கு திரும்பி வரும்போது கார்ல அம்மா பேசிட்டே வந்தாங்க. மார்கழில மல்லிய கவாத்து பண்ணணும், காஞ்ச குச்சிய எடுக்கணும்னு. பண்ணவும் பண்ணாங்க, ஒட்ட வெட்டிட்டாங்கன்னு எனக்கு மனசு கேக்கல, மாசி கடைசில பாத்தா ஒவ்வொரு கணுவுலயும் மூணு மூணு மொட்டு, அரிசி மாதிரி. காலைல எந்திரிச்சதும் காபிக்கு முன்னாடி அங்கதான் போறாங்க. பிபி மாத்திரை அதே மாத்திரைதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா குனிஞ்சு நிமிந்து வேலை பாக்குறாங்க, பக்கத்து வீட்டு மாமிக்கு ரெண்டு முழம் கட்டி குடுக்குறாங்க, ராத்திரி தூங்குறாங்க. எனக்கு அது போதும்.

இது வெறும் நம்ம நெனப்பு இல்லைங்க. 1984ல உல்ரிச்னு ஒருத்தர் பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் பண்ண 46 பேர் ரெக்கார்ட எடுத்து பாத்திருக்காரு, ஜன்னல்ல மரம் தெரிஞ்சவங்க, செங்கல் செவுரு தெரிஞ்சவங்கள விட சீக்கிரம் வீட்டுக்கு போயிருக்காங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியா கேட்டிருக்காங்க. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா எங்க பால்கனிய பாத்தப்புறம் எனக்கு அது ஆச்சரியமா தெரியல.

மணி பிளான்ட்ட பாட்டில் தண்ணில வெக்குறவங்க வாராவாரம் தண்ணிய மாத்துங்க, மாத்தும்போது பாட்டில் உள்பக்கம் நல்லா தேச்சு கழுவுங்க, டெங்கு கொசு முட்டை பக்கவாட்டுல ஒட்டிட்டு இருக்கும். தொட்டி அடித்தட்டுல தேங்குற தண்ணியும் அப்படித்தான். அப்புறம் மணி பிளான்ட், பீஸ் லில்லி ரெண்டையும் தவழுற குழந்தைக்கு எட்டாம வைங்க, கடிச்சா வாய் நாக்கெல்லாம் எரிஞ்சு வீங்கும்.

மார்க் போடணும்னா காம்போவுக்கு அஞ்சுக்கு ஒண்ணு, நர்சரிக்கு அஞ்சுக்கு அஞ்சு. போறதா இருந்தா காலைல ஏழு மணிக்கே போயிடுங்க, மத்தியான வெயில்ல கார்ல வெச்சு எடுத்துட்டு வந்தா நல்ல செடி கூட வாடிடும்.