பொது முதியோர் இல்லமா, டிமென்ஷியா இல்லமா?

அம்மாவுக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் தொடக்க நிலையில்தான் இருக்கிறது, தானே குளித்துச் சாப்பிடுகிறார், பேச்சுத்துணை இருந்தால் போதும் என்றால் சாதாரண முதியோர் இல்லமே சரி. கட்டணம் குறைவு, சொந்த ஊர்ப் பக்கமே கிடைக்கும். ஆனால் பல இல்லங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவரை மட்டுமே சேர்க்கும். நோய் முற்றினால் வைத்துக்கொள்வார்களா என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வாசலைத் தாண்டி எங்கோ நடந்துவிடுவது, பொழுது சாய்ந்தால் 'வீட்டுக்குப் போகணும்' என்று தவிப்பது, விழுங்கும்போது புரையேறுவது எல்லாம் தொடங்கிவிட்டால் டிமென்ஷியாவுக்கென்றே நடத்தும் இல்லத்தைத்தான் நான் சொல்வேன். செலவு கூடும், பெருநகரங்களுக்கு வெளியே கிடைப்பதும் அரிது. ஆனாலும் பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? ஊட்டிவிடுபவர் அவசரப்படுகிறாரா?

எல்லோரும் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மருந்து மயக்கமாகவும் இருக்கலாம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்தது. அப்படி மருந்து கொடுத்தால் யார் எழுதுகிறார், எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இல்லத்தில் நான் அம்மாவை விடமாட்டேன், அது எந்த வகை இல்லமானாலும்.