பேவர் பிளாக்கா, புல்தரையா, மண் முற்றமா? 5 சென்ட் மனையில் வீட்டைச் சுற்றிய இடம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சொந்தமாக வீடு கட்டுவோரில் பலர், வீட்டைச் சுற்றி எஞ்சும் இடத்தைப் பற்றிப் பெயின்ட் வேலை முடிந்த பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கையில் பணமும் இருப்பதில்லை, பொறுமையும் இருப்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்ட நிலையில், கேட்டிலிருந்து பின்சுவர் வரை பேவர் பிளாக் பதித்துவிடுவதே எளிய வழியாகத் தெரிகிறது. நானும் அந்த அவசரத்தில் பாதி வாசலைப் பதித்தவன்தான். இப்போது மறுபடி திட்டமிடச் சொன்னால், மற்ற எதற்கும் முன்னால் தண்ணீர்க் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன்.

5 சென்ட் மனை என்பது ஏறத்தாழ 2,178 சதுர அடி. வீடு 1,100 சதுர அடியை எடுத்துக்கொண்டால், சுற்றிலும் ஏறக்குறைய 100 சதுர மீட்டர் மிஞ்சும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை தரும் இப்பகுதியில், கூரைநீரைச் சேர்க்காமலேயே அந்த வெற்றிடத்தில் மட்டும் 80,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு தெருச் சாக்கடைக்குப் போகிறது என்பதில்தான் மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

பேவர் பிளாக்கின் நன்மைகளை மறுக்க முடியாது. சேறு இல்லை, பெருக்குவது எளிது, வண்டி நிறுத்தலாம், குழாய் பழுதானால் நான்கு கற்களைப் பெயர்த்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம். இருசக்கர வண்டியும் காரும் வந்துபோகும் வீட்டு வாசலுக்கு 60 மில்லிமீட்டர் தடிமனே போதும். கற்களின் இடைவெளி வழியே நீர் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்வதில் சிறிது உண்மை உண்டு. ஆனால் அடியில் இறுக்கிய கிராவலும், நாளடைவில் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும் தூசியும் சேர்ந்து, கனமழையின் பெரும்பகுதியை மேலேயே ஓடவிட்டுவிடுகின்றன. ஏப்ரல் மாத மதிய வெயிலில் சூடேறும் கற்கள் இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டை ஜன்னல் வழியே வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. என் வீட்டில் பதித்தவர் நீர் வடிவதற்கான வாட்டத்தைத் தெருப்பக்கம் வைக்காமல் சுவர்ப்பக்கம் வைத்துவிட்டதால், முதல் ஐப்பசி மழையிலேயே அடித்தளத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கியது. ஒரு பக்கம் முழுவதையும் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டியதாயிற்று.

புல்தரையைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், 400 சதுர அடிப் புல்தரை தினமும் 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். போர்வெல் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் ஊரில், சிறிது குளிர்ச்சியான ஓசூருக்குக்கூட இது ஆடம்பரம்தான். தர்மபுரிக்கோ பாலக்கோட்டுக்கோ சொல்லவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைச் செடிக்குத் திருப்புவதும் முறையன்று. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதித்ததால், மக்கள் குடிப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட தண்ணீர் அது.

மண் முற்றமே என் தேர்வு, ஆனால் முழுவதும் மண்ணாக அன்று. நடக்கும் பாதைக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் உள்ளூர்க் குவாரிகளில் கிடைக்கும் கருங்கல் பலகைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டு மணல்மீது பதித்தால், சேறு மிதிக்காமல் நடக்கவும் முடியும், இடைவெளியில் நீர் இறங்கவும் முடியும். கிரானைட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு சிமென்ட் கல்லைத் தேடிப்போவது எனக்கு எப்போதும் சற்று வேடிக்கையாகவே படும்.

மரங்களில் நிதானம் வேண்டும். கிருஷ்ணகிரியில் வீடு கட்டுபவருக்கு மாமரம் இல்லாத வீடு மனத்துக்கு ஒப்பாது என்றாலும், 5 சென்ட்டில் ஒரு மாமரத்துக்குத்தான் இடம் உண்டு. அதுவும் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, செந்தூரா போன்ற ஒட்டுச் செடியாக நட்டு, காய்ப்பு முடிந்தபின் ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து வந்தால் அடக்கமாக நிற்கும். மேற்குப் பக்கத்தில் ஒரு புங்கன் நின்றால், பிற்பகல் வெயில் சுவரில் நேரடியாக விழாது. இலையுதிர்த்த சில நாட்களிலேயே கோடைக்கு முன் தளிர்த்துவிடுவது அதன் சிறப்பு. முருங்கையை மட்டும் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் தள்ளி வையுங்கள்: கிளை சட்டென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்கும். எலுமிச்சை, கறிவேப்பிலை, சீத்தா ஆகியவை குறைந்த நீரில் வளர்பவை. குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் கீரைப் பாத்திக்கு விடக்கூடாது.

மண் முற்றத்துக்குக் குறைகளும் உண்டு. சருகு விழும், தினமும் பெருக்க வேண்டும், புதர் மண்டினால் பாம்பு பற்றிய அச்சமும் வரும். வயதானவர்கள் மட்டும் வாழும் வீட்டில் வாசல் முழுவதையும் தளமாக்குவதே சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் கூரைநீரையும் வாசல்நீரையும் ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழிக்குத் திருப்பிவிடலாம். சேற்றுநீரை நேராகப் போர்வெல் குழாய்க்குள் விடுவது மட்டும் கூடாது.

சுற்றுச்சுவரிலும் இதே கேள்வி எழுகிறது. ஹாலோ பிளாக் சுவர் மறைப்பும் பாதுகாப்பும் தரும். ஆனால் மேட்டிலிருந்து வரும் மழைநீரை அது தடுத்து நிறுத்துவதால் அடியில் வடிதுளைகள் விட வேண்டும். கல்கால் நட்டுக் கம்பி கட்டி, உள்ளே கிளுவைக் கொம்புகளை ஊன்றினால் செலவு குறையும், ஆனால் வேலி அடர்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். தெருப்பக்கம் சுவரும் மற்ற மூன்று பக்கம் உயிர்வேலியும் என்பது எனக்குப் பொருந்தியது.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும், அடித்தளத்துக்குத் தோண்டும் நாளில் மேல் ஓரடிச் செம்மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாமல் மனையின் ஒரு மூலையில் குவித்து வைக்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள, சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த சுக்கான் மண்ணில் எந்தச் செடியும் எளிதில் வேர்பிடிக்காது. பின்னர் நல்ல மண்ணை விலைகொடுத்து வாங்க நேர்ந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.