கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாமல் ஐந்து வருடம்: சொந்தமாக எடுத்த ஹெல்த் பாலிசி எப்படி இருக்கிறது

2020 அக்டோபரில் வேலையை விட்டுவிட்டு கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்ய ஆரம்பித்தேன். சம்பளம் நின்றதுகூட அப்புறம்தான் உறைத்தது. கம்பெனி கொடுத்திருந்த இன்சூரன்ஸ் கடைசி நாளோடு முடிந்துவிட்டது, அதுவும் கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், அதுதான் முதலில் வயிற்றைக் கலக்கியது. இஎஸ்ஐ சம்பளக்காரர்களுக்கு மட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் அப்போது 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (இப்போது 1,20,000). இரண்டிலும் சேராத என்னைப் போன்றவர்கள் சொந்தக் காசில் பாலிசி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான், மனைவி, பையன் மூவருக்கும் சேர்த்து அந்த நவம்பரில் எடுத்த ஃப்ளோட்டர் பாலிசி (ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்வது) இன்றுவரை விடாமல் ஓடுகிறது. நடுவில் ஒரு பெரிய க்ளெய்மும் ஆயிற்று. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது "பிரீமியம் எவ்வளவு?" என்றுதான். நானும் அப்படித்தான் பட்டியல் போட்டேன். 5 லட்சத்துக்கு வருடம் 12 ஆயிரத்திலும் கிடைத்தது, 17 ஆயிரத்திலும் கிடைத்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாலிசி வாசகத்தைத் தேடிப் படித்தபோது பெரும்பாலும் அறை வாடகை உச்சவரம்பில்தான் வந்து நின்றது. மலிவானதில் ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரைதான். மற்றதில் தனி ஏசி அறை வரை வரம்பே இல்லை. நான் இரண்டாவதை எடுத்தேன்.

என் மச்சான் முதல் வகையை, அதிலும் 3 லட்சத்துக்கு எடுத்தார். அவருக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்தான் அறைக்கு. அட்மிட் ஆன அன்று அந்த வாடகையில் அறை காலி இல்லை என்று 6,000 ரூபாய் அறை கொடுத்தார்கள். மிச்சம் 3,000 ரூபாயை நாம் கட்டினால் போதும் என்றுதான் யாருமே நினைப்போம். விஷயம் அதுவல்ல. அறை வாடகை இரண்டு மடங்கு ஆனதால் அதைச் சார்ந்த செலவுகள், அதாவது சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் பாதியைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். பில் 1,80,000. அதில் மருந்து, பரிசோதனை 60,000. இதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம்) விதி இருக்கிறது, அதனால் அது முழுசாக வந்தது. நாலு நாள் வாடகை 24,000-க்கு 12,000, மீதி 96,000-க்கு 48,000. ஆக மச்சான் கையிலிருந்து போனது 60,000 ரூபாய். வருடா வருடம் பிரீமியத்தில் அவர் மிச்சம் பிடித்தது நாலாயிரத்துச் சொச்சம். கணக்கு உங்களுக்கே தெரியும்.

அதற்காக மலிவு பாலிசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கை ரொம்பவும் இறுக்கமாக இருந்தால் ஆரோக்கிய சஞ்சீவனி என்று எல்லாக் கம்பெனியும் ஒரே விதிகளோடு விற்கும் ஒரு பாலிசி 2020 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. எந்த க்ளெய்மிலும் 5 சதவீதம் நம்முடையது, அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. எல்லாக் கம்பெனியிலும் நிபந்தனை ஒன்றுதான் என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கக்கூடிய ஒரே சரக்கு இதுதான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். மனைவிக்குத் தைராய்டு உண்டு, 2017-லிருந்து தினமும் மாத்திரை. ஏஜென்ட், நல்ல மனிதர்தான், "அதெல்லாம் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும், போன்ல டாக்டர் வேற கேள்வி கேப்பாங்க" என்றார். போட்டேன். அவர் சொன்ன மாதிரியே பிரீமியம் கொஞ்சம் ஏறியது, போனில் டாக்டரும் கேள்வி கேட்டார்.

2023 தொடக்கத்தில் மனைவிக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பியில் எடுக்க வேண்டும் என்றார்கள். பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை, மூலம் மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு இருக்கும், அதற்குள் வந்தால் க்ளெய்ம் கிடைக்காது. எங்களுக்கு அது முந்தைய நவம்பரிலேயே முடிந்திருந்தது. அட்மிஷன், ஆபரேஷன் எல்லாம் கேஷ்லெஸ்ஸில் (இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) சுமுகமாகப் போயிற்று. டிஸ்சார்ஜ் அன்றுதான் சிக்கல். காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், மத்தியானம் வரை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பதிலே இல்லை. பிறகு அங்கிருந்த பெண் கூப்பிட்டு, "சார், கொயரி போட்டிருக்காங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கேஸ் ஷீட்டில் ட்யூட்டி டாக்டர் 6 வருடமாகத் தைராய்டு என்று எழுதியிருக்கிறார், பாலிசிக்கு வயது இரண்டு வருடம்தான், அப்படியானால் எடுக்கும்போது சொன்னீர்களா என்று கேட்டிருந்தார்கள். பித்தப்பைக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தத் தோன்றியது. ஆனால் மறைத்திருந்தால் இந்த க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது. மெயிலில் இருந்த விண்ணப்ப நகலை எடுத்து, தைராய்டு என்று டிக் அடித்த பக்கத்தை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன், அவர் ஸ்கேன் செய்து அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. 1,12,000 பில்லில் நான் கட்டியது 9,000 சொச்சம். கையுறை, முகக்கவசம், ரெஜிஸ்ட்ரேஷன், ஃபைல் சார்ஜ் என்று ஒரு நீளப் பட்டியல்.

அந்த விண்ணப்ப நகலை வாங்கும்போதே சேமித்து வையுங்கள். பாலிசிப் புத்தகத்தோடு அது வரும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஏஜென்டே நிரப்பிக் கொடுத்திருந்தால் ஒரு தடவையாவது வாசித்துவிடுங்கள். தவறு இருந்தால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட முடியும்.

2024-இல் விதிகள் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஏற்கனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் இறுதி ஒப்புதல். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். இது நடைமுறையில் எப்படி என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வரவில்லை, வராமலே இருக்கட்டும். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதம் ஓடிவிட்டால் மோசடி என்று நிரூபித்தால் ஒழிய விவரத்தை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது என்பதும் வந்திருக்கிறது. அதனால்தான் கை வறண்ட வருடத்திலும் புதுப்பிப்பை விடவில்லை.

பிரீமியம் ஏறுமா? ஏறும். 17 ஆயிரத்தில் ஆரம்பித்தது. எனக்கு 36 வயது ஆன வருடம் ஒரே தாவு. க்ளெய்ம் எடுத்ததற்காக நம் ஒருவருக்கு மட்டும் தனியாக ஏற்றக் கூடாது, ஆனால் க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகச் சேர்ந்திருந்த போனஸ் குறைந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் போன நவம்பரில் 24,600-ஐ அப்படியே கட்டினேன். பழையபடி 18 சதவீதம் இருந்திருந்தால் இன்னும் 4,400 ரூபாய் போயிருக்கும். காப்பீட்டுத் தொகையை 10 லட்சமாக ஏற்றாமல், 5 லட்சத்துக்கு மேல் போனால் உதவும் 20 லட்ச சூப்பர் டாப்-அப் ஒன்றைத் தனியாக எடுத்தேன், வருடம் சில ஆயிரம்தான். வெறும் டாப்-அப் வேண்டாம். அதில் ஒவ்வொரு அட்மிஷனும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும், சூப்பரில் வருட மொத்தம் தாண்டினால் போதும். 80டி வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், புதிய வரிமுறையில் அது கிடையாது.

எனக்கு இன்னும் திருப்தி இல்லாதது அம்மாவின் பாலிசி. அவரையும் ஃப்ளோட்டரில் சேர்த்தால் மூத்தவர் வயதை வைத்து மொத்தப் பிரீமியமும் ஏறும் என்பதால் தனியாக எடுத்தேன். 63 வயது, சர்க்கரை, எங்கள் மூவருக்கும் கட்டுவதைவிட அதிகம் கட்டியும் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் எங்கள் பங்கு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதாக இருந்தால் ஐஆர்டிஏஐயைக் கலந்துதான் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது, அது ஒரு ஆறுதல். இப்படி நம் பங்கு (கோ-பே) கேட்காத வேறு கம்பெனிக்குப் பாலிசியை மாற்ற (போர்ட் செய்ய), புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருடம் முயற்சி செய்வேன். அவர்கள் மறுக்கலாம், மறுக்க உரிமை உண்டு. அதனால் பதில் எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியை நிறுத்தப் போவதில்லை.