கடைசி வரிசைக்கும் காதோரம் பேச: ஷுர் எஸ்எம்58 மைக், கதைசொல்லியின் கையில்

மேடையில் கதை சொல்பவர் குரலைத் தாழ்த்தும் இடத்தில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அந்தத் தாழ்ந்த குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் முன்வரிசைக்கு மட்டும்தான் நிகழ்ச்சி. 1966-இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும், ஷுர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக்கை அந்த ஒரு வேலையை வைத்தே இங்கே எடைபோடலாம். பாடகர்களுக்கு இது எப்படி என்று எழுதியவர்கள் ஏராளம். நகைச்சுவைக் கலைஞருக்கும் கதைசொல்லிக்கும் பேச்சாளருக்கும் இது எப்படி உழைக்கிறது என்பதை விரிவாக எழுதியவர்கள் குறைவு.

முதலில் பொருளைப் பற்றி. இது டைனமிக் வகை மைக். வேலை செய்யத் தனி மின்சாரம் வேண்டாம். எடை 298 கிராம். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை வாங்கும். முன்பக்கத்தைத் தெளிவாகக் கேட்கும், பக்கவாட்டில் குறைவாக, நேர் பின்னால் மிக மிகக் குறைவாக. சுவிட்ச் உள்ளது, இல்லாதது என இரண்டும் கிடைக்கும். சுவிட்ச் இல்லாததையே வாங்குங்கள். கதையின் உச்சத்தில் கட்டைவிரல் பட்டு மைக் அணைந்தால், அந்த இடத்தை மறுபடி சொல்லிக் காப்பாற்ற முடியாது.

மைக் வருவதற்கு முன் மேடையில் நின்றவர் உரக்கப் பாட வேண்டும், உரக்கப் பேச வேண்டும். கோபமும் காதலும் ஒரே உயரத்தில்தான் ஒலிக்கும். மைக் வந்த பிறகுதான் பிங் கிராஸ்பி போன்ற பாடகர்கள் ஒரே ஒருவரிடம் பாடுவதுபோலப் பாட முடிந்தது. 1933-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல மக்களிடம் பேசியதும் இதே வசதியால்தான். ரசிகருக்கும் கலைஞருக்கும் உள்ள நெருக்கத்தில் பாதி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது.

அந்தத் தூரத்தைக் கையாள்வதில்தான் எஸ்எம்58-இன் அருமை முழுவதும். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். 3 செ.மீ.-இலிருந்து 6-க்குப் போனால் 6 டெசிபல், 12-க்குப் போனால் 12 டெசிபல். அதாவது மணிக்கட்டின் சின்ன அசைவே ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸர் கருவியின் முன் உட்கார்ந்திருப்பவரின் வேலையைச் செய்துவிடும். சாதாரணப் பேச்சுக்கு 5 செ.மீ., கத்தும் பாத்திரத்துக்கு 15 செ.மீ., ரகசியம் சொல்ல உதடு கம்பிவலையைத் தொடும் அளவு. இந்த மூன்று நிலைகளையும் கை பழகிவிட்டால் போதும். மிக அருகில் வரும்போது 100 ஹெர்ட்ஸ் எனும் தாழ்ந்த சுருதிப் பகுதியில் 6 முதல் 10 டெசிபல் வரை கனம் கூடும். காதோரம் பேசுவதுபோன்ற உணர்வு கேட்பவருக்கு அங்கிருந்துதான் வருகிறது.

இதில் பலர் தவறும் ஓர் இடம் உண்டு. ரகசியம் என்றதும் வெறும் மூச்சுக் குரலில் பேசிவிடுவார்கள். மூச்சுக் குரலில் குரல்நாண் அதிர்வதில்லை. அதனால் கனம் கூட்ட அங்கே எதுவும் இருக்காது. ஸ்பீக்கரில் வெறும் காற்றுதான் வரும். குரல்நாண் அதிரும் தாழ்ந்த குரலில், மைக்கை ஒட்டிப் பேசுங்கள். ஆயிரம் பேருக்கும் அது ரகசியமாகவே கேட்கும்.

தமிழில் ‘ப’கரம் சொல்லின் தொடக்கத்தில் அடிக்கடி வரும். பாம்பு, பயம், பாட்டி, பேய் என்று கதைக்கு வேண்டிய பாதிச் சொற்கள் அதில்தான் தொடங்குகின்றன. உருண்டை வலைக்குள் இருக்கும் பஞ்சு காற்றை ஓரளவு தடுத்தாலும், நேருக்கு நேர் ஒட்டிப் பேசினால் ‘டப்’ என்று வெடிக்கும். மைக்கை உதட்டுக்குக் கீழே, தாடையருகில் வைத்து 45 பாகை சாய்த்துப் பிடித்தால் காற்று மைக்குக்கு மேலே போய்விடும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். மெய்யெழுத்துகள் தெளிவாக ஒலிக்கும் மேல்பகுதியில் இந்த மைக் இயல்பிலேயே சற்று உயர்த்திக் கொடுப்பதால், மிக்ஸரில் டிரெபிளை, அதாவது உயர்சுருதிப் பகுதியைக் கூட்டும் குமிழைத் திருக வேண்டிய தேவை அநேகமாக வராது.

அடுத்து ஊளை, அதாவது ஸ்பீக்கரில் வரும் ஒலியே மறுபடி மைக்குக்குள் புகுந்து எழும் கூச்சல். எஸ்எம்58 ஊளையிடுகிறது என்றால் பெரும்பாலும் பிடிக்கும் விதத்தில்தான் கோளாறு. உருண்டையைக் கைக்குள் பொத்திப் பிடித்தால், பின்பக்க ஒலியைத் தவிர்ப்பதற்கான துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். நடுத்தண்டில் பிடியுங்கள். மோதிரமும் வளையலும் தண்டில் உரசினால் அந்தச் சத்தமும் ஏறும். உள்ளே அதிர்வுதாங்கி இருந்தாலும் உலோகம் உலோகத்தில் தட்டுவதை அது முழுதாக விழுங்காது. கலைஞர் தன் குரலைக் கேட்க எதிரே தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் நேர் பின்னால் இருக்க வேண்டும். நேர் பின்னாலும் ஓரளவு கேட்கும் சூப்பர் கார்டியாய்டு வகை மைக்குகளுக்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இதற்கும் அப்படியே வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நகைச்சுவைக் கலைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரங்கம் சிரிக்கும்போது கையைத் தொங்கவிட்டால் மைக்கின் முகம் மானிட்டர் பக்கம் திரும்பி ஊளையிடும். அடுத்த வரிக்குக் கை மேலே வந்து சேர்வதற்குள் முதல் அசையும் விழுந்துவிடும். சிரிப்பு ஓயும்வரை மைக்கை நெஞ்சருகே நிமிர்த்தியே வைத்திருங்கள். சிரிப்பு பாதிக்குக் கீழே இறங்கும்போது முதலில் மைக் வாய்க்கு வரட்டும், பிறகு மூச்சு, அதன் பிறகு சொல்.

குறைகளுக்கு வருவோம். இதன் வெளியீடு பலவீனமானது. மென்மையாகப் பேசுகிறவருக்கு மிக்ஸரில் சுமார் 50 டெசிபல் கெயின் (ஒலிப்பெருக்கம்) தேவைப்படும். மலிவான சிறு மிக்ஸர்களில் அவ்வளவு ஏற்றினால் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் கதையின் மௌனங்களுக்குள் புகுந்துவிடும். மௌனத்தை நம்பிக் கதை சொல்பவருக்கு இது பெரிய குறைதான். மைக்குக்கும் மிக்ஸருக்கும் இடையில் ஒலியை முன்கூட்டியே ஏற்றும் ஒரு முன்பெருக்கியைப் பொருத்தலாம், அல்லது தரமான மிக்ஸருக்கு மாறலாம். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். நால்வர் பேசும் மேடையில் பேசாதவரின் மைக்கை இறக்கி வைப்பது கட்டாயம்.

இரண்டு கையாலும் நடித்துக் காட்டும் கதைசொல்லிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குத் தலையில் மாட்டும் மைக்தான் சரி. தலை எங்கே திரும்பினாலும் தூரம் மாறாது. ஆனால் மணிக்கட்டால் குரலை அருகே கொண்டுவரும், தள்ளிவைக்கும் சுதந்திரம் அதில் போய்விடும். சட்டையில் குத்தும் மைக் மேடைக்கு இரண்டையும்விட மோசம். வாயிலிருந்து 15 செ.மீ.-க்கு மேல் தள்ளியிருக்கும், பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கும். ஸ்பீக்கர் ஓடும் அரங்கில் சீக்கிரம் ஊளையிடும். படப்பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. கீழே விழுந்தால் பெரும்பாலும் வலைதான் நசுங்கும். உள்ளே இருக்கும் பகுதி தப்பிவிடும். வலைக்கு ஆர்கே143ஜி, உள்பகுதிக்கு ஆர்59 என்ற எண்களில் மாற்றுப் பாகங்கள் உண்டு. பலர் வாய் வைத்துப் பேசும் மைக் என்பதால் வலையைக் கழற்றி, பஞ்சோடு மிதமான சோப்பு நீரில் கழுவி, முழுதாகக் காயவைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் உள்பகுதிக்குக் கேடு. பஞ்சில் எச்சிலும் தூசும் ஏறிவிட்டால் மெய்யெழுத்துகள் மழுங்கி, மைக் கெட்டுவிட்டதாகத் தோன்றும். உள்பகுதியை மாற்றுவதற்கு முன் பஞ்சைப் பாருங்கள்.

இதன் போலிகளும் சந்தையில் ஏராளம். வாங்கியதும் சமையலறைத் தராசில் வையுங்கள். 298 கிராமிலிருந்து வெகுவாகக் குறைந்தால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.