குழாய் எரிவாயுவா, கப்பல் எரிவாயுவா?

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுக்கும் வரை ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. முக்கிய வழி, பால்டிக் கடலடியில் 1,224 கி.மீ. ஓடும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய். விலை மலிவு, ஏற்றி இறக்கும் வேலையும் இல்லை. ஆனால் வால்வு ரஷ்யாவின் கையில். 2022 ஜூனில் வரத்து குழாயின் கொள்ளளவில் 40 சதவீதமாகக் குறைந்தது, ஜூலையில் 20. வாயுவைத் தள்ளும் டர்பைன் பழுது என்றது ரஷ்யா, நம்பியவர்கள் குறைவு. செப்டம்பர் தொடக்கத்தில் சுத்தமாக நின்றது. அம்மாதக் கடைசியில் குழாயே வெடித்துச் சிதறியது.

கப்பலில் வருவது வேறு கதை. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, 600-இல் ஒரு பங்காகச் சுருக்கி, கடல் கடந்து கொண்டுவந்து, மறுபடி வாயுவாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் செலவு. ஆனால் ஒருவர் தர மறுத்தால் அமெரிக்கா, கத்தார் என்று வேறு கடை பார்க்கலாம். பெர்லின் விமான நிலையத்துக்கு 14 ஆண்டு எடுத்த நாடு, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் எரிவாயுக் கப்பல்களுக்கான முனையத்தை ஏறக்குறைய 200 நாளில் முடித்தது!

பணம் அதிகம் என்றாலும் என் ஓட்டு கப்பலுக்கே. ஆனால் கப்பல் எரிவாயுவுக்கு ஐரோப்பா விலையை ஏற்றிக் கேட்ட அந்த ஏலத்தில் போட்டிபோட முடியாத பாகிஸ்தான் போன்ற நாடுகள் மின்வெட்டில் வெந்தன.