இ-கோர்ட்ஸ் செயலி: வாய்தா பார்க்கச் சரி, அப்பீலுக்குப் போதாது

அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்பதற்காக மட்டும் குமரி மாவட்டத்தில் குழித்துறை கோர்ட்டுக்கோ இரணியல் கோர்ட்டுக்கோ பஸ் ஏறுகிறவர்கள், வழக்கு விவரம் காட்டும் இந்த இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளலாம். 5-க்கு 4 தரலாம்.

முதலில் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண்ணை, வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்குங்கள். கோடும் இடைவெளியும் இல்லாமல் அடித்தால் வாய்தா தேதி, வழக்கு நிற்கும் கட்டம், பதிவேற்றிய உத்தரவுகள் வந்துவிடும். வழக்கைச் சேமித்தும் வைக்கலாம். அரசை எதிர்த்து வழக்குப் போட்டவருக்கும் அரசுத் தரப்புக்கும் ஒரே திரைதான். நீதித்துறை அரசுக்குச் சாயாமல் தனித்து நிற்பது இதிலும் தெரிகிறது.

பெயரை வைத்துத் தேடுவதுதான் தலைவலி. வறுவேல், சுயம்பு, தாணு மாதிரி நம்மூர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். முழுப்பெயர் வேண்டாம், முதல் மூன்று நான்கு எழுத்தும் பதிவான ஆண்டும் போதும். தீர்ப்பான வழக்கை 'நிலுவை'யில் தேடினால் கிடைக்காது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன வழக்கென்றால் செயலியில் உயர் நீதிமன்றப் பகுதிக்கு மாற வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இறக்கிய தீர்ப்பு படித்துப் பார்க்க மட்டுமே. அப்பீலுக்கு கோர்ட்டே சரிபார்த்துத் தரும் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்குத் தனியாக நகல் மனு போடணும். சிவில் வழக்கில் முன்சீப் கோர்ட் (கீழ்க்கோர்ட்) தீர்ப்பை எதிர்த்து அடுத்த மேல்கோர்ட் போக 30 நாள், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராக எடுத்த காலம் இந்தக் கணக்கில் சேராது. மனு போடாமல் கழித்த நாளெல்லாம் சேரும்.