ரவுட்டர் மாற்றக் காசு கொடுக்கும் முன் உங்கள் போனிலேயே சோதித்துப் பாருங்கள்

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரியவர்கள் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் அவசியம் படியுங்கள்.

மன்னார்குடியில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. சாயங்காலம் ஆனால் வைஃபை இழுக்கவே இல்லை. அக்கா மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வந்தது. புகார் சொன்னதும் ஆள் வந்தார். அப்போது வீட்டில் அத்தான் மட்டும்தான். "மழையில ரவுட்டர் அடிவாங்கிடுச்சு சார், இனிமே இது தேறாது. டூயல் பேண்ட் ஒண்ணு போட்டாத்தான் சரிப்படும்" என்று சொல்லி 3,800 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டார். (டூயல் பேண்ட் என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும் ரவுட்டர்.) வேறொரு ரவுட்டரை மாட்டிவிட்டுப் பழையதைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். பில் கிடையாது. போகும் முன் தன் போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டி, அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அத்தானுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். 186 எம்பிபிஎஸ். "பாருங்க சார், 5ஜி ஸ்பீடு வந்துடுச்சு."

அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அக்கா வீட்டில் போட்டிருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான். அதில் 186 எப்படி வரும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வைஃபையின் விசிறிக் குறியே இல்லை. சிம் சிக்னல் கோடுகளும் பக்கத்தில் 5ஜி என்றும் இருந்தன. கீழே, இணைப்பு யாருடையது என்று காட்டும் இடத்தில் ஒரு செல்போன் நிறுவனத்தின் பெயர். தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டா வேகத்தைக் காட்டியிருக்கிறார்! வைஃபையில் சொல்லும் 5 கிகாஹெர்ட்ஸ் வேறு, செல்போன் 5ஜி வேறு. இது அத்தானுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் விட்டு, காபி கொடுத்து, நம்பி உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அந்த நம்பிக்கையைக் காசாக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து, மாட்டியிருந்த ரவுட்டர். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், இணைந்திருக்கும் வைஃபை பெயரைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் அலைவரிசையும் லிங்க் ஸ்பீடும் (போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்) தெரியும். ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ். என் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கும் அதே போன் அது. சுற்றிலும் உள்ள வைஃபைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டும் பார்த்தேன். லொகேஷனை ஆன் செய்து அனுமதி கொடுத்தால்தான் இந்த ஆப்களில் பட்டியல் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் எங்கள் ரவுட்டரே இல்லை. டூயல் பேண்ட் என்று விற்றது சிங்கிள் பேண்ட். இன்னொன்று கேளுங்கள். அத்தான் போனில் சேமித்து வைத்திருந்த வைஃபை பெயர்களில் பழைய ரவுட்டரின் பெயர் இரண்டு இருந்தது. ஒன்று 5ஜி என்று முடிந்தது. வைஃபை பெயரில் அப்படி இருந்தால் அது பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கும். அதாவது கழற்றிக்கொண்டு போனதுதான் டூயல் பேண்ட்!

உண்மையில் கோளாறு எங்கே? அதையும் போனே சொன்னது. முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்க்க வேண்டும், பிறகு மெதுவாக வரும் அறையில். பக்கத்திலேயே குறைந்தால் லைனிலோ ரவுட்டரிலோ கோளாறு இருக்கலாம். பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் மட்டும் விழுந்தால் வைஃபை அங்கே போய்ச் சேரவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் 40க்கு மேல் வந்தது, கொல்லைப்பக்க அறையில் 3. சந்தேகம் தீர லேப்டாப்பில் லேன் ஒயரை நேரடியாகச் செருகினேன், 94 வந்தது. லைனில் ஒரு குறையும் இல்லை.

வீடு பழைய ஓட்டு வீடு. ரேழியில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர். அங்கிருந்து கொல்லைப்பக்கம் போக, ஒன்றரை அடி கனத்தில் இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும். அந்த அறையில் அனலைசர் சிக்னல் -82 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். வீடியோ வகுப்புக்கு -67 அளவிலாவது இருக்க வேண்டும். -80க்கும் கீழே போனால் பிரயோஜனம் இல்லை. போதாததற்குத் தெருவில் பாதி வீட்டு ரவுட்டர்கள் 6ஆம் சேனலில் (அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு தடம்) இருந்தன, நம்முடையதும் அதில்தான். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் நெரிசல். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே.

ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றி, சேனலை 11இல் வைத்தேன். கொல்லைப்பக்க அறைக்கு லேன் ஒயர் இழுத்து, என்னிடம் சும்மா கிடந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது ஒயரில் வரும் இணைப்பை அந்த அறைக்கு வைஃபையாகக் கொடுக்கும்படி, போட்டேன். இப்போது வகுப்பு தடங்கலின்றி நடக்கிறது. செலவு ஒயருக்கு மட்டும்தான். பூஸ்டர் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு பூஸ்டர்களில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆள் தன் போனில் எதைக் காட்டினாலும் ஏற்காதீர்கள். உங்கள் போனில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் மைஸ்பீடு ஆப்பிலோ வேறு எதிலோ நீங்களே பாருங்கள். இணைப்போடு நிறுவனம் கொடுத்த ரவுட்டரை எழுத்து மூலமான ரசீது இல்லாமல் கழற்ற விடவே கூடாது. நாளைக்கு இணைப்பை ரத்து செய்யும்போது அதைத் திருப்பிக் கேட்பார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், அந்த ஆள் தங்கள் ஊழியரே இல்லை என்றார்கள். விடவில்லை. எந்தப் புகாருக்கும் டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) தர வேண்டும் என்பது டிராய் விதி, கேட்டு வாங்கினேன். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்கெட் எண் வாங்கிய பிறகு பழைய ரவுட்டர் திரும்பி வந்துவிட்டது. 3,800 ரூபாய் இன்னும் வரவில்லை. ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன்.